வார்ப் என்றால் பாவு

1

இருபத்தாறு மணி நேரம் இருக்கிறது. இப்போது வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. நாளை மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பப் பக்கத்தை மூடிவிடுவார்கள். அதற்குள் இந்தக் கதையை முடித்து அம்சவேணிக்கு அனுப்ப வேண்டும். அவள் படிக்க வேண்டும். படித்துவிட்டு என்மேல் கோபப்பட வேண்டும். கோபம் தணிந்தோ தணியாமலோ விண்ணப்பிக்க வேண்டும்.

நேரில் சொன்னால் ஐந்து நிமிட வேலை. அம்சா வேலை பார்க்கும் பட்டுக்கடை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். ஆனால் நான் வாயைத் திறந்து பழகாதவள். பேருந்தில் 'இறங்கணும்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். அதனால் கதை. இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், கோழைத்தனத்திலிருந்து என்று சொல்லுங்கள்.

2

முதலில் விவரம்.

அம்சாவும் நானும் காஞ்சிபுரத்தில் ஒரே கல்லூரியில் இயற்பியல் படித்தோம். வெளிமாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று ஆண்டுதோறும் எங்கள் கல்லூரிக்கு ஓர் இடம் தருகிறது. எம்.எஸ்சி. படிப்பு. கட்டணம் இல்லை, விடுதி இலவசம். இயற்பியல் மதிப்பெண் இருந்தால் தேர்வு எழுதலாம். ஆனால் இடத்தை முடிவு செய்வது ஆங்கிலத் தேர்வு. எண்பது கேள்வி. பாதி சொற்பொருள், பாதி பத்தியைப் படித்துப் பதில் சொல்வது.

போன ஜூனில் எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் எழுதினோம். எனக்கு அறுபத்தெட்டு. அம்சாவுக்கு அறுபத்தாறு.

நான் போனேன். அவள் பட்டுக்கடையில் சேர்ந்தாள். இணையத்தில் விற்கும் புடவைகளுக்கு ஆங்கிலத்தில் விவரம் எழுதுவது அவள் வேலை.

பட்டம் வாங்கி இரண்டு ஆண்டுக்குள் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே இது அவளுக்குக் கடைசி முறை. அவள் விண்ணப்பிக்கப் போவதில்லை. "நமக்கு இங்கிலீஷ் வராது சுகா. வர்றதா இருந்தா அன்னிக்கே வந்திருக்கும்" என்கிறாள். அவள் அப்படி நம்புவதற்குக் காரணம் ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியாது.

[அதை இங்கேயே சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று முறை முயன்றேன். கீழே பாருங்கள்.]

3

ஆரம்பம் ஒன்று: 'பாலாற்றில் தண்ணீர் இல்லாத ஒரு ஜூன் மாதத்தில்…'

நிறுத்திவிட்டேன். ஆற்றுக்கும் நான் செய்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆரம்பம் இரண்டு: 'மாலினி நேர்மையான பெண். அன்று மட்டும்…'

இது மூன்று பக்கம் ஓடியது. மாலினி என்னைவிட உயரம். கூட்டத்தில் பேசுவாள். மூன்றாம் பக்கத்தில் கண் கலங்கி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டாள். அவள்மேல் எனக்கே பிரியம் வந்தது. அழித்துவிட்டேன்.

ஆரம்பம் மூன்று: 'ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும்போது, எதைச் சொன்னாலும் அது பொய்யாகாது.'

இது கட்டுரை. கட்டுரையில் குற்றவாளியே இல்லாமல் நான்கு பக்கம் எழுதலாம்.

ஆய்வகத்தில் இரண்டு வகைப் பிழை உண்டு என்று படித்தோம். ஒரு வகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிதறும். பல முறை அளந்து சராசரி எடுத்தால் சரியாகிவிடும். இன்னொரு வகை எப்போதும் ஒரே பக்கம் சாயும். ஆயிரம் முறை அளந்தாலும் போகாது. கோளாறு கருவியில் இருக்கிறது.

என் மூன்று ஆரம்பங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன.

இதை எழுதும்போது அப்பா வந்தார். ஒரகடம் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். மாலை டிரிப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, லீவுலயும் எழுதிக்கினே இருக்கிற? பரீட்சையா?"

"கதைப்பா."

"யாரப் பத்தி?"

"ஒரு பொண்ணப் பத்தி."

"நல்ல பொண்ணா?"

"இல்லப்பா."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அப்ப சீக்கிரம் முடிச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

4

அந்தச் சொல் 'வார்ப்'.

எங்கள் ஊரில் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் அது. வார்ப் என்றால் பாவு, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல். குறுக்கே ஓடுவது ஊடை. கூட்டுறவுச் சங்கத்துப் பலகையில் வார்ப் என்று எழுதியிருக்கும். புடவையோடு வரும் அட்டையில் இருக்கும். அம்சாவின் அப்பா மாணிக்கவேல் கூலிக்கு நெய்கிறவர். திருப்பருத்திக்குன்றத்தில் அவர்கள் வீட்டு முன்னறை முழுவதும் தறிதான். அம்சா நடக்கப் பழகியதே தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் என்பார்.

தேர்வில் வந்த பத்தி, சாட்சி சொல்பவர்களைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதியது. அதில் ஒரு வரி: பயம் நினைவை வார்ப் செய்கிறது. அங்கே அந்தச் சொல்லுக்குக் கோணலாக்குவது, நெளித்துவிடுவது என்று பொருள். அம்சா பாவு என்று படித்தாள். பயம்தான் நினைவுக்குப் பாவு; அதன்மேல்தான் நினைவு நெய்யப்படுகிறது. 'தாங்குகிறது' என்ற விடையைத் தேர்ந்தெடுத்தாள். மூன்று கேள்விகள் அந்த ஒரே வரியைச் சுற்றி இருந்தன. மூன்றும் போயின. அவை சரியாக இருந்திருந்தால் அவளுக்கு அறுபத்தொன்பது.

[நானும் முதலில் பாவு என்றுதான் படித்தேன். கடைசிப் பத்தியில் 'நேரான கோடு' என்று ஒன்று வந்தது. அங்கிருந்து பின்னோக்கி வந்து பிடித்தேன். கிட்டத்தட்டப் பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை நான் என் சொத்துபோல நினைத்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.]

பயத்தின்மேல் நெய்த நினைவு. யோசித்துப் பார்த்தால் அம்சாவின் வாசிப்பு அந்தப் பேராசிரியர் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது. அதற்கு மதிப்பெண் இல்லை.

போன சனிக்கிழமை கடைக்குப் போயிருந்தேன். மாடியில் புடவைகளைப் படம் எடுக்கும் அறை. அம்சா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். காமாட்சியம்மாள் என்று ஓர் அம்மா, கடையில் இருபது வருடமாக இருப்பவர், கீழே உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாடி ஊமச்சி" என்றாள் அம்சா. "எப்ப வந்த? அக்கா, இவதான் சுகாசினி. ரெண்டு மார்க்ல என் கதைய முடிச்சவ."

அவள் சிரிக்கிறாள் என்று புரிய எனக்கு இரண்டு நொடி ஆனது.

"படிச்ச புள்ளய நிக்க வெச்சிக்கினே பேசற. உக்காருமா" என்றார் காமாட்சியம்மாள்.

"அக்கா, அந்த வார்ப் கதைய உங்களுக்குச் சொன்னனா?"

"நீ யாருக்குத்தான் சொல்லல?"

"மறுபடியும் கேளுங்க. பேப்பர்ல ஒரு லைன். பயம் மெமரிய வார்ப் பண்ணுதாம். எங்கப்பா பொறந்ததுலருந்து பாவோட மல்லு கட்டிக்கினு இருக்கிறாரு, எனக்குத் தெரியாத வார்ப்பா? தாங்குதுன்னு டிக் அடிச்சேன். ஒரு கேள்வி இல்லக்கா, மூணு கேள்வி! மூணுலயும் தாங்கினேன். மூணும் புட்டுக்கிச்சு."

"அப்ப அதுக்கு இன்னாதான்மா அர்த்தம்?"

"கோணலாக்கறது. நெளிச்சி உடறது."

காமாட்சியம்மாள் மடிப்பதை நிறுத்தினார். "பாவு நெளிஞ்சா புடவ ஏதுடி? நேரா இருக்கிறதுக்கும் கோணலுக்கும் ஒரே பேரு வெச்சிருக்கிறானுங்க. நல்ல பாஷதான் போ."

அம்சா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். காமாட்சியம்மாள் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தக் கதையை அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்று தெரியாது. சொல்லும்போதெல்லாம் முட்டாள் அவள்தான். அதில் ஒரு தறி இருக்கிறது, ஒரு அப்பா இருக்கிறார், ஒரு வினாத்தாள் இருக்கிறது. நான் இல்லை.

5

(வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. எட்டு மணி நேரம்.)

நேற்று எழுதியதைப் படித்தேன். அம்சாவை நம்ப முடியவில்லை. இவ்வளவு நல்லவளாக ஒரு பாத்திரம் இருந்தால் படிப்பவர்களுக்குச் சலிக்கும். அவளிடம் குறை இருந்தது. என் ரெக்கார்டு நோட்டை வாங்கிக்கொண்டு போய் ஒரு வாரம் கழித்துக் குழம்புக் கறையோடு தருவாள். எல்லாவற்றையும் கடைசி நாளில்தான் செய்வாள். இரண்டாம் ஆண்டில் ஒரு கருத்தரங்கில் நான் எழுந்து நின்று, வாயைத் திறந்து, ஒரு சொல்லும் வராமல் உட்கார்ந்தேன். அன்று மதியம் கேண்டீனில் அவள் அதை நடித்துக் காட்டினாள். வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி. எல்லோரும் சிரித்தார்கள். ஊமச்சி என்ற பெயர் அன்று வந்தது.

இதைக் கதையில் முன்னாலேயே வைத்தால் எல்லாம் பொருந்திவிடும். பழிக்குப் பழி. படிப்பவர்கள் என்னை மன்னிக்காவிட்டாலும் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் அது காரணம் இல்லை. தேர்வு நாளன்று மரத்தடியில் எனக்குக் கேண்டீன் நினைவுக்கு வரவில்லை. அம்சாவை எனக்குப் பிடிக்கும். அன்றும் பிடித்தது. மூன்று வருடமும் இயற்பியலில் அவள் முதல், நான் இரண்டாவது. அன்று காலை முதல்முறையாக அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான். இதற்குமேல் ஒரு காரணம் கண்டுபிடித்தால், அதைச் சந்தேகப்படுங்கள்.

6

[இங்கே நாற்பது நிமிடம்.]

வாலாஜாபாத் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் தேர்வு. கம்ப்யூட்டர் குறைவு என்பதால் இரண்டு பிரிவு, ஒரே வினாத்தாள். முதல் நாளே விண்ணப்பித்த எனக்குக் காலைப் பிரிவு. கடைசி நாளில் விண்ணப்பித்த அம்சாவுக்கு இரண்டாம் பிரிவு. நான் வெளியே வந்ததற்கும் அவள் உள்ளே போனதற்கும் இடையில் நாற்பது நிமிடம். வினாத்தாளைப் பற்றி வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

முதல் வடிவம்: நான் வெளியே வந்ததும் பேருந்து பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். அம்சாவைப் பார்க்கவே இல்லை.

[பார்த்தேன்.]

இரண்டாம் வடிவம்: பார்த்தேன். விதியை மதித்து ஒன்றும் பேசவில்லை.

[மூன்று வருடமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாற்பது நிமிடம் பேசாமல் இருந்தார்களாம்.]

மூன்றாம் வடிவம்: மையத்துக்கு எதிரே ஒரு புங்க மரம். அதன் அடியில் அம்சா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக் காத்திருந்தாள். "பேப்பர் எப்டின்னு கேக்க மாட்டேன், பயப்படாத. சாப்டு" என்றாள். மடியில் அவளுடைய சொல் நோட்டு. பல்கலைக்கழகமே எண்ணூறு சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டிருந்தது. எல்லோருக்கும் பொதுவான பட்டியல். அவள் பச்சை மையில் பொருள் எழுதி வைத்திருந்தாள். நமக்குத்தான் தெரியுமே என்று நினைத்த சொற்களுக்கு மட்டும் எதுவும் எழுதவில்லை.

"லூம்னா தறி. இத எதுக்குடி லிஸ்ட்ல போட்டிருக்கான்?" என்றாள்.

"தறின்னு மட்டும் நெனச்சிடாத" என்றேன். "நெருங்கி வந்து மிரட்டறதுக்கும் லூம்தான். மழை லூம் ஆகுது, ஆபத்து லூம் ஆகுது, அப்டி."

"அடேங்கப்பா" என்று சொல்லிப் பச்சைப் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாள். "நீ இல்லன்னா நான் காலி."

லூம் வினாத்தாளில் வரவில்லை. வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

அவள் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். எதுவும் எழுதாமல் விட்டிருந்த ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "சுகா, அப்ப இதுவும்…"

[வாக்கியம் இங்கே நிற்கிறது. காலையிலிருந்து நான்கு முறை இதைத் தாண்ட முயன்றேன். நான் பொய் சொல்லவில்லை. இது உண்மை. எந்த அகராதியைத் திறந்து பார்த்தாலும் நான் பொய் சொல்லவில்லை. இதை நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.]

7

முடிவுகள் தயாராக இருக்கின்றன. மூன்று.

ஒன்று. அம்சா கதையைப் படிக்கிறாள், அழுகிறாள், என்னைக் கட்டிக்கொள்கிறாள், விண்ணப்பிக்கிறாள். இந்த முடிவில் நான் நன்றாகத் தெரிகிறேன்.

இரண்டு. நான் என் இடத்தை விட்டு விலகுகிறேன். இதில் இன்னும் நன்றாகத் தெரிகிறேன். ஆனால் நான் விலகினால் அந்த இடம் அவளுக்குப் போகாது. விடுதியில் ஒரு கட்டில் காலியாகும், அவ்வளவுதான்.

மூன்று. அவளுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். மரத்தடியில் நடந்தது நினைவிருக்கிறது. என்னைக் காப்பாற்றத்தான் சிரிப்புக் கதையில் என்னைச் சேர்க்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். இதில் நான் வாயைத் திறக்கவே வேண்டாம்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அம்சாவுக்குச் செய்தி அனுப்பினேன்: 'ஒரு கதை எழுதியிருக்கேன். அனுப்பட்டா? இன்னிக்கே படிக்கணும்.'

ஒரு மணி நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது. பின்னால் காமாட்சியம்மாள் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

"கதையா? நீயா? இன்னா கதடி, லவ்வா? இன்னிக்கு முடியாதுபா. முகூர்த்த ஆர்டரு, அறுவது புடவைக்கு விவரம் அடிக்கணும். ஞாயித்துக்கெழம படிக்கிறேன். மெதுவா, ரசிச்சிப் படிக்கிறேன். சரியா?"

ஞாயிற்றுக்கிழமை.

எழுதினால் போதும் என்று நினைத்தேன். எழுதுவது என்பது ஒருவரிடம் பேசாமல் இருப்பதற்கு இன்னொரு வழி என்று இந்தக் குரல் பதிவைக் கேட்டபோது தெரிந்தது.

8

இந்தப் பகுதியைப் பிறகுதான் சேர்க்கிறேன். நான் சொன்னதற்கு அம்சா சொன்ன பதிலை எழுத மாட்டேன். நான் எழுதினால் அது என் பக்கம் சாயும். அவள் விண்ணப்பித்தாளா, என்னோடு பேசுகிறாளா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது மட்டும் என்னுடையது. அதை மட்டும் எழுதுகிறேன்.

நான் கடை மாடிக்கு ஏறியபோது மணி நான்கு பத்து. விண்ணப்பத்தை என் போனில் திறந்து, அவள் பெயரும் பிறந்த தேதியும் கல்லூரி எண்ணும் நானே நிரப்பிக் கொண்டுபோயிருந்தேன். அவள் திரையில் ஒரு மாம்பழ நிறப் புடவை. பக்கத்தில் பாதி அடித்த விவரம். முதல் சொல் வார்ப்.

"இன்னாடி, இப்டி மூச்சு வாங்குது? கதையக் கையோட எடுத்தாந்துட்டியா?"

"அம்சா."

"சொல்லு, அடிச்சிக்கினே கேக்குறேன்."

"அடிக்காத. திரும்பு."

திரும்பினாள். நான் யாரையும் திரும்பச் சொன்னதில்லை. காமாட்சியம்மாள் புடவையைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தார்.

போனை நீட்டினேன். "அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

அவள் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "வேணாம்னு எத்தினி வாட்டி சொல்றது? தெரிஞ்ச வார்த்தையே எனக்குத் தெரியல. தெரியாத வார்த்தைக்கு எங்க போறது? விடு சுகா."

"உனக்குச் சந்தேகம் இருந்துச்சு."

"எதுல?"

"வார்ப்ல. நீ சும்மா பாவுன்னு நெனைக்கல. லூமுக்கு ரெண்டு அர்த்தம்னதும் உடனே உனக்குச் சந்தேகம் வந்துச்சு. கேட்ட."

"கேட்டனா? யார?"

அவள் நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தாள். அவளுக்கு நினைவில்லை. என் மூன்றாவது முடிவு அந்த இடத்தில் செத்தது. அதே நொடியில் நான்காவது ஒன்று திறந்தது: 'யாரையோ கேட்ட' என்று சொல்லிவிடலாம். அதுவும் பொய்யாகாது.

காமாட்சியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கருத்தரங்கில் நின்றதுபோலவே நின்றேன். வாயைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன்.

"என்னை" என்றேன். "என்னத்தான் கேட்ட. புங்க மரத்தடியில. 'வார்ப்னா நம்ம பாவுதான, இல்ல இதுக்கும் வேற இருக்குதா'ன்னு கேட்ட. பாவுதான், வேற இல்லன்னு சொன்னேன். வேற இருக்குதுன்னு எனக்குத் தெரியும் அம்சா. பேப்பர்ல பாத்துட்டு வந்துதான் சொன்னேன்."